காற்றுவீச்சு மின்சுற்று முறிப்பான்

காற்றுவீச்சு மின்சுற்று முறிப்பான் என்பது, உயர் மின்னழுத்தச் சுற்று ஒன்றைத் திறக்கும்போது அதன் தொடுமுனைகளுக்கு இடையே தோன்றும் மின்வில்லை, உயர் அழுத்தத்தில் சேமித்து வைக்கப்பட்ட காற்றை விசையுடன் செலுத்தி அணைக்கும் சாதனமாகும். 1930கள் தொடங்கி ஏறத்தாழ 1970களின் இறுதி வரை, மிக உயர்ந்த மின்னழுத்தங்களில் பெரும் மின்னோட்டங்களை முறிப்பதற்கு இதுவே முதன்மையான சாதனமாக விளங்கியது. பின்னர் கந்தக அறுபுளோரைடு வளிமமும் வெற்றிடமும் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் இந்தியாவின் மின்தொடர்வண்டி எஞ்சின்களில் இவ்வகை முறிப்பான் மேலும் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. அதன் காரணத்தை அறிந்துகொள்வது, இச்சாதனத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே அறிந்துகொள்வதாகும்.

பெயர் பற்றிய ஒரு குழப்பம்

துணை மின்நிலையப் பணியாளர்கள் இதனை "ஏர் பிளாஸ்ட் பிரேக்கர்" என்றே அழைப்பர். தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் மின்மாற்றிக் கம்பத்தின் மேல் காணப்படும் "ஏ.பி. சுவிட்ச்" என்பது முற்றிலும் வேறானது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் அமைந்துள்ள நெல்லிவாசல்நாடு போன்ற மலையூர்களில் மாணவர்கள் நேரில் காணக்கூடியது இந்த ஏ.பி. சுவிட்ச்தான். கம்பத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கைப்பிடியை இழுத்தால் மேலே மூன்று கம்பிகளிலும் உள்ள கத்திகள் ஒருசேரத் திறக்கும். இங்கு மின்வில்லை அணைப்பதற்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. சுற்றியுள்ள காற்று தானாக என்ன செய்யுமோ அவ்வளவே. ஆகவே பெருமளவு மின்னோட்டம் ஓடும்போது இதனைத் திறக்கக் கூடாது. குறுக்குச்சுற்று ஏற்பட்ட நிலையில் திறப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். மின்னோட்டம் நீங்கிய பின், வேலை நடக்கும் பகுதியைக் கண்ணுக்குத் தெரியுமாறு பிரித்து வைப்பதே அதன் பணி.

தொழிற்சாலைகளின் 415 வோல்ட் பலகைகளில் உள்ள "ஏ.சி.பி." எனப்படும் காற்றுவெளி முறிப்பானும் வேறு வகையே. அது சாதாரண வளிமண்டலக் காற்றில் மின்வில்லை நீட்டித் தகடுகளுக்கு இடையே துண்டாக்கி அணைக்கின்றது. "வீச்சு" என்ற சொல், அமுக்கப்பட்ட காற்றைத் தேவையான கணத்தில் பாய்ச்சும் சாதனத்துக்கு மட்டுமே பொருந்தும். தேர்வுத்தாளில் இம்மூன்றையும் ஒன்றாக எழுதிவிடும் மாணவர்கள் பலர் உளர். மூன்றிலும் காற்று இருப்பதால் வரும் மயக்கம் இது.

மின்வில்லும் சுழியமும்

மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் இரு உலோக முனைகளைப் பிரித்தால் ஓட்டம் உடனே நின்றுவிடுவதில்லை. கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்த புள்ளி உருகி ஆவியாகி, இடைவெளியில் உள்ள வளிமம் அயனியாகி, மின்னைக் கடத்தும் ஒளிமிக்க தூண் ஒன்று உருவாகின்றது. இதுவே மின்வில். இதன் மையத்தில் வெப்பநிலை பத்தாயிரம் பாகையைத் தாண்டுகின்றது. இவ்வளவு சூடான தூணை வெறும் ஊதலினால் அறுத்துவிட முடியுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. முடியாது என்பதே விடை. பல்லாயிரம் ஆம்பியர் ஓடும் உச்சத்தில் எந்த ஊதலும் மின்வில்லை அணைப்பதில்லை.

அணைப்பதற்கான வாய்ப்பை மாறுதிசை மின்னோட்டமே தருகின்றது. 50 ஹெர்ட்சு அலைவெண் கொண்ட மின்னோட்டம் ஒவ்வொரு 10 மில்லிவினாடிக்கும் ஒருமுறை, அதாவது வினாடிக்கு நூறு முறை, சுழியத்தைக் கடக்கின்றது. அக்கணத்தில் மின்வில்லுக்கு ஆற்றல் கிட்டுவதில்லை. முறிப்பான் செய்ய வேண்டியது, அந்தச் சில மைக்ரோவினாடிகளில் சூடான எச்சத்தைக் குளிர்வித்துத் துடைத்தெறிந்து, அவ்விடத்தில் குளிர்ந்த, அயனியாகாத காற்றை நிரப்புவதே. மறுபுறம், ஓட்டம் நின்றவுடன் சுற்றிலுள்ள தூண்டமும் மின்தேக்கமும் சேர்ந்து முனைகளுக்கு இடையே மீள்மின்னழுத்தம் ஒன்றை மிக விரைவாக எழுப்புகின்றன. இடைவெளியின் காப்புவலிமை இம்மின்னழுத்தத்தைவிட விரைவாக வளர்ந்தால் மின்வில் அணைந்தே கிடக்கும். பின்தங்கினால் மீண்டும் பற்றிக்கொள்ளும். இதனை ஓர் ஓட்டப்பந்தயமாக 1928 ஆம் ஆண்டு யோசப் சிலெப்பியன் விளக்கினார். அவ்விளக்கம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றது. மின்வில்லின் வெப்பச் சமநிலையைச் சமன்பாடாக எழுதிய காசி 1939 ஆம் ஆண்டிலும் மையர் 1943 ஆம் ஆண்டிலும் இதற்குக் கணித வடிவம் தந்தனர்.

நேர்மின்னோட்டத்தில் இத்தகைய இயற்கைச் சுழியம் கிடையாது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிப் பாதை 1931 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கியது. அத்தகைய பாதைகளில் முறிப்பான், காந்தப்புலத்தால் மின்வில்லை இழுத்து நீட்டி, அதன் மின்னழுத்தத்தை வழங்கல் மின்னழுத்தத்துக்கு மேலே உயர்த்தியே ஓட்டத்தை நிறுத்துகின்றது. அப்பாதை 1960களில் 25 கிலோவோல்ட் மாறுதிசைக்கு மாற்றப்பட்டது.

செயற்படும் விதம்

காற்றுவீச்சு முறிப்பானில் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை: அமுக்கிய காற்றைத் தேக்கும் கலன், அதனைத் திறந்துவிடும் அடைப்பிதழ், தொடுமுனைகள் அடங்கிய அணைப்பறை. கலனில் காற்றின் அழுத்தம் துணை மின்நிலைய வகைகளில் பொதுவாக 20 முதல் 30 பார் வரை இருக்கும். பிற்காலத்து வடிவங்களில் இது மேலும் உயர்ந்தது.

மின்தடத்தில் குறுக்குச்சுற்று நேர்ந்ததை ரிலே உணர்ந்து சுருளொன்றுக்கு மின்னூட்டுகின்றது. சுருள் சிறு அடைப்பிதழைத் திறக்க, அதன் வழியே செல்லும் காற்று பெரிய அடைப்பிதழைத் திறக்கின்றது. பீங்கான் குழாய் வழியாக மேலேறும் காற்று அணைப்பறையை அடைந்து, வில்சுருளின் விசைக்கு எதிராக அசையும் தொடுமுனையைப் பின்னுக்குத் தள்ளுகின்றது. முனைகள் பிரிந்ததும் காற்று, நாசில் எனப்படும் குறுகிய வாய் வழியே வெளியேறுகின்றது. அறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கைத் தாண்டிவிட்டால், நாசிலின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் அழுத்தத்தை உயர்த்தினால் அவ்விடத்தில் வேகம் கூடுவதில்லை. காற்றின் அடர்த்திதான் கூடுகின்றது. அடர்த்தி கூடினால் வெப்பத்தை அகற்றும் திறனும் காப்புவலிமையும் கூடும் என்பதால் உயர் அழுத்தம் பயனற்றுப் போவதில்லை.

முறிப்பான் இயங்கும்போது எழும் ஓசை வெடிச்சத்தத்துக்கு ஒப்பானது. குடியிருப்புகளுக்கு அருகில் இருந்த நிலையங்களில் ஓசைத் தணிப்பான்கள் பொருத்த வேண்டியதாயிற்று.

எண்ணெய் முறிப்பானில் இருந்து இது வேறுபடும் இடம் கவனிக்கத்தக்கது. எண்ணெயில் தோன்றும் மின்வில், எண்ணெயைச் சிதைத்து வளிமத்தை உண்டாக்கி, அவ்வளிமத்தின் பாய்ச்சலாலேயே அணைகின்றது. பெரிய மின்னோட்டத்துக்குப் பெரிய பாய்ச்சல், சிறியதற்குச் சிறியது. காற்றுவீச்சிலோ பாய்ச்சல் வெளியில் இருந்து வருகின்றது. 10 ஆம்பியரை முறித்தாலும் 10,000 ஆம்பியரை முறித்தாலும் அதே விசையுடன் காற்று வீசும். இதனால் எல்லா நிலைகளிலும் அணைக்கும் நேரம் குறுகியதாகவும் ஏறக்குறைய மாறாததாகவும் அமைகின்றது. தீப்பற்றும் பொருள் ஏதும் இல்லை. ஒவ்வோர் இயக்கத்துக்குப் பின்னும் அறையில் புதிய காற்றே இருப்பதால், எண்ணெயைப் போல் கரிபடிந்து கெடுவதும் இல்லை. அடிக்கடி திறந்து மூட வேண்டிய இடங்களில் இது பெரும் நன்மையாகும்.

முதன்மை வகைகள்

காற்று மின்வில்லை எத்திசையில் தாக்குகின்றது என்பதை வைத்தே பாடநூல்கள் வகைப்படுத்துகின்றன.

அச்சுவழி வீச்சு: காற்று மின்வில்லின் நீளவாக்கில் பாய்கின்றது. மின்வில் நாசிலின் நடுவே பிடித்து வைக்கப்படுவதால் அது மெல்லிய இழைபோல் சுருங்குகின்றது. சுழியத்தின்போது குளிர்விக்க வேண்டிய பொருளும் குறைகின்றது. உயர் மின்னழுத்தங்களில் இவ்வகையே வென்றது. முனைகளுக்கு இடையேயான இடைவெளி இங்கு மிகச் சிறியது. இடைவெளி கூடினால் நாசிலின் அருகே காற்றோட்டத்தின் ஆற்றல் குன்றிவிடும் என்பதால் வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்படுகின்றது.

ஆரவழி வீச்சு: காற்று எல்லாப் பக்கங்களில் இருந்தும் மையத்தை நோக்கிப் பாய்ந்து, உள்ளீடற்ற தொடுமுனைகளின் துளை வழியே வெளியேறுகின்றது. ஒரு முனை வழியாக மட்டும் வெளியேறினால் ஒற்றைப் பாய்ச்சல், இரு முனைகள் வழியாகவும் வெளியேறினால் இரட்டைப் பாய்ச்சல் எனலாம். மின்வில்லின் அடிப்பகுதிகள் துளைக்குள் இழுத்துச் செல்லப்படுவதால், முதன்மைத் தொடுபரப்புகள் கருகாமல் காக்கப்படுகின்றன. இதனை அச்சுவழி வகையின் உட்பிரிவாகவே கொள்வாரும் உளர்.

குறுக்கு வீச்சு: காற்று மின்வில்லுக்குச் செங்குத்தாகப் பாய்ந்து, அதனைக் காப்புத் தகடுகள் அடுக்கிய பெட்டிக்குள் தள்ளுகின்றது. மின்வில் தகடுகளைச் சுற்றி வளைந்து நீண்டு, தடை கூடி அணைகின்றது. மின்வில்லின் தடையே போதுமானதாக இருப்பதால் தனித் தடையம் பொருத்த வேண்டிய தேவை குறைவு. மின்னழுத்தம் நடுத்தரமாகவும் மின்னோட்டம் மிகப் பெரிதாகவும் உள்ள இடங்களில், குறிப்பாகச் சோதனைக்கூடங்களில், இது பயன்பட்டது. உயர் மின்னழுத்தத்துக்கு வேண்டிய தகட்டுப்பெட்டி அளவுக்கு மீறிப் பெரிதாகும் என்பதால் இவ்வகை அதற்குமேல் வளரவில்லை.

என் கருத்தில், இத்திசைப் பிரிவைவிடப் பொருள்செறிந்த மற்றொரு பிரிவு உண்டு. பாடநூல்கள் அதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தொடக்ககால முறிப்பான்களில் அணைப்பறை வழக்கமாக வெற்று வளிமண்டல அழுத்தத்தில் இருந்தது. திறக்கும்போது மட்டும் காற்று வந்தது. வீச்சு நின்றவுடன் வில்சுருள் முனைகளை மீண்டும் சேர்த்துவிடும். ஆகவே அதற்குள் வேறொரு பிரிப்பான் கத்தி தொடராக அமைந்து திறந்துகொள்ள வேண்டும். மின்வில்லை அணைப்பது ஒன்று, பிரித்து வைத்திருப்பது மற்றொன்று என வேலை இரண்டாகப் பிரிந்தது. பிற்காலத்தில் அணைப்பறை எப்போதும் உயர் அழுத்தக் காற்றால் நிரம்பியிருக்குமாறு அமைக்கப்பட்டது. அழுத்தக் காற்றின் காப்புவலிமை சாதாரணக் காற்றினதைப் போல் பன்மடங்கு என்பதால், திறந்த முனைகளே தொடர்ந்து பிரிந்து நிற்க முடிந்தது, கத்தி தேவைப்படவில்லை. கலனில் இருந்து அறைக்குக் காற்று ஏறிவரும் தாமதமும் நீங்கிற்று. இதனாலேயே இரண்டு சுழற்சிகளுக்குள், அதாவது 40 மில்லிவினாடிக்குள், குறுக்குச்சுற்றை நீக்க முடிந்தது.

மின்னழுத்தம் உயர உயர ஓர் இடைவெளி போதாமல், பல அணைப்பறைகளைத் தொடராக இணைத்து, மின்னழுத்தம் அவற்றிடையே சமமாகப் பகிரப்பட மின்தேக்கிகளைப் பொருத்தினர். கனடாவின் கியூபெக்கில் 1965 ஆம் ஆண்டு உலகின் முதல் 735 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியபோது, அத்தகைய பல்லறைக் காற்றுவீச்சு முறிப்பான்களே அதனைக் காத்தன.

வலிமையே குறையாவது

வெளியில் இருந்து வரும் காற்று எப்போதும் முழு விசையுடன் வீசுவது நன்மை என்று மேலே கூறப்பட்டது. அதுவே தொல்லையும் ஆகும். சுமையில்லாத மின்மாற்றியின் காந்தமாக்கு மின்னோட்டம் போன்ற சிறிய தூண்ட மின்னோட்டத்தை முறிக்கும்போது, காற்று இயற்கைச் சுழியம் வரும்வரை காத்திருப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிடுகின்றது. அக்கணத்தில் மின்மாற்றிச் சுருளின் காந்தப்புலத்தில் உள்ள ஆற்றல் போக்கிடமின்றி, சுருளின் தன்மின்தேக்கத்துக்குள் பாய்கின்றது. இழப்புகளைப் புறக்கணித்தால், எழும் மின்னழுத்தம் வெட்டப்பட்ட மின்னோட்டத்தை, தூண்டத்தை மின்தேக்கத்தால் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பதாகும்.

எடுத்துக்காட்டாக, தூண்டம் 5 ஹென்றி, மின்தேக்கம் 5 நானோஃபாரட் எனக் கொள்வோம். 5 ஐ 5 நானோவால் வகுத்தால் நூறு கோடி. அதன் வர்க்கமூலம் சுமார் 31,600. மின்னோட்டம் 10 ஆம்பியரில் வெட்டப்பட்டால் எழும் மின்னழுத்தம் சுமார் 316 கிலோவோல்ட் ஆகும். 220 கிலோவோல்ட் அமைப்பொன்றில் ஒரு கட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையே இயல்பான உச்சம் சுமார் 180 கிலோவோல்ட் மட்டுமே. உண்மையில் இழப்புகளாலும், இடைவெளி மீண்டும் பற்றிக்கொள்வதாலும் இவ்வளவு உயர்வது அரிது. ஆயினும் வெறும் 10 ஆம்பியரை முறிப்பது 10,000 ஆம்பியரை முறிப்பதைவிட மின்மாற்றிக்குத் தீங்கானதாக இருக்கக்கூடும் என்பது முதன்முறை கேட்போருக்கு வியப்பளிக்கும்.

இதற்குத் தீர்வு, முறிப்பானின் இடைவெளிக்கு இணையாகத் தடையம் ஒன்றை அமைப்பதாகும். முதன்மை இடைவெளி அணைந்ததும் ஆற்றல் தடையத்தின் வழியே வடிந்துவிடும். எஞ்சிய சிறு மின்னோட்டத்தை மற்றொரு முனை முறித்துவிடும். துணை மின்நிலையத்தில் இருந்து சில கிலோமீட்டருக்குள் தடத்தில் நேரும் குறுக்குச்சுற்றில் மீள்மின்னழுத்தம் மிகச் செங்குத்தாக எழும். அதனைச் சரிவாக்கவும் இத்தடையமே உதவுகின்றது.

காற்றைக் காத்தல்

துணை மின்நிலையத்தில் காற்று இலவசம். அமுக்கிய, உலர்ந்த காற்று அன்று. கம்ப்ரசர்கள், கலன்கள், வெளிமுற்றம் முழுவதும் ஓடும் குழாய்கள், அவற்றின் இணைப்புகள் என்று ஒரு தனித் தொழிற்சாலையே முறிப்பான்களுக்காக இயங்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அது பீங்கான் குழாயின் உட்புறத்தில் படிந்து மின் தாவலுக்கு வழிவகுக்கும். ஆகவே தேவையைவிட மிக உயர்ந்த அழுத்தத்துக்கு அமுக்கி, நீரைப் பிரித்தெடுத்து, பின்னர் வேலை அழுத்தத்துக்கு விரியவிடுவர். விரியும்போது காற்றின் ஒப்பீரப்பதம் குறைகின்றது.

கசிவினால் அழுத்தம் குறைந்தால் என்ன செய்வது என்பது மேலும் கடினமான வினா. போதிய காற்றில்லாமல் திறந்த முறிப்பான் மின்வில்லை அணைக்க மாட்டாது, அணைப்பறை வெடிக்கும். ஆகவே அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால், குறுக்குச்சுற்றே ஏற்பட்டாலும் இம்முறிப்பான் திறக்காதவாறு பூட்டப்படுகின்றது. அவ்வேளையில் சுற்றியுள்ள மற்ற முறிப்பான்கள் திறந்து, நிலையத்தின் பெரும்பகுதியையே இருளாக்கி இழப்பைத் தடுக்கும். காக்க வந்த சாதனம் தன் கடமையைச் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்றாகும் நிலை இது.

தொடர்வண்டி எஞ்சினில் "டி.ஜே."

நெல்லிவாசல்நாட்டுக்கு மேற்கே, ஜவ்வாது மலைக்குக் கீழே உள்ள சமவெளியில், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாகச் சென்னையைச் சேலத்துடனும் கோயம்புத்தூருடனும் கேரளத்துடனும் இணைக்கும் இருப்புப்பாதை செல்கின்றது. ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு ஒரு தடம் பிரிகின்றது. சென்னையில் இருந்து ஜோலார்பேட்டை வரையிலான மின்மயமாக்கம் 1980களில் நடைபெற்றது. இப்பாதையில் ஓடிய மின் எஞ்சின்களின் கூரைமேல்தான், துணை மின்நிலையங்கள் கைவிட்ட பிறகும், காற்றுவீச்சு முறிப்பான் தொடர்ந்து வேலை செய்தது.

இந்திய இரயில்வே 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்சு முறையை 1957 ஆம் ஆண்டு பிரெஞ்சு இரயில்வேயின் ஆலோசனையுடன் தேர்ந்துகொண்டது. எஞ்சினின் முதன்மை முறிப்பானுக்கு "டி.ஜே." என்ற பெயர் அவ்வழியே வந்தது. முறிப்பானைக் குறிக்கும் டிஸ்ஜோங்க்தேர் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமே அது. தமிழ் பேசும் ஓட்டுநர்களும் "டி.ஜே. போட்டாச்சு", "டி.ஜே. விழுந்துவிட்டது" என்றே கூறுவர். சித்தரஞ்சனில் கட்டப்பட்ட டபிள்யூ.ஏ.ஜி.-5, டபிள்யூ.ஏ.பி.-4 வகை எஞ்சின்களில் இது பரவலாக இருந்தது. ஈரோடு, அரக்கோணம் பணிமனைகள் இவ்வெஞ்சின்களைப் பெருமளவில் பராமரித்தன.

அவற்றில் பெரிதும் பயன்பட்டது, சுவிட்சர்லாந்தின் பிரவுன் பவரி நிறுவனம் வடிவமைத்த டி.பி.டி.எஃப். என்னும் வகையாகும். (இந்நிறுவனம் 1988 ஆம் ஆண்டு சுவீடனின் ஆசியா நிறுவனத்துடன் இணைந்து ஏபிபி ஆனது.) மேலே கூறிய இரட்டை வேலைப் பிரிவை இதில் தெளிவாகக் காணலாம். கூரைமேல் கிடைமட்டமாக உள்ள பீங்கான் அறைக்குள் அணைப்பு முனைகள் இருக்கின்றன. அதன் அருகில், சுழலும் காப்பி ஒன்றின் மேல் வெளியில் தெரியுமாறு பிரிப்பான் கத்தி நிற்கின்றது. அணைப்பு முனைகளுக்கு இணையாக, மின்னழுத்தம் கூடக் கூடத் தடை குறையும் நேரிலாத் தடையம் உள்ளது. திறக்கும் ஆணை வந்ததும் காற்று அறைக்குள் பாய்ந்து முனைகளைப் பிரித்து மின்வில்லை அணைக்கின்றது; எஞ்சிய சிறு மின்னோட்டம் தடையம் வழியே ஓடுகின்றது. சற்றே தாமதித்துச் சுழலும் கத்தி அதனையும் முறிக்கின்றது. பின்னர் காற்று நிற்க, அணைப்பு முனைகள் வில்சுருளால் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. சுற்றைத் திறந்து வைத்திருப்பது கத்தி மட்டுமே. மூடும்போது அணைப்பு முனைகளுக்கு வேலையே இல்லை. கத்தி சுழன்று சேர்ந்தால் போதும்.

டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சினின் மின்மாற்றி 5,400 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனுடையது. அதன் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 216 ஆம்பியர். முறிப்பானின் முறிக்கும் திறனோ 250 மெகாவோல்ட்-ஆம்பியர், அதாவது 25 கிலோவோல்ட்டில் 10,000 ஆம்பியர். ஆயினும் அது தன் வாழ்நாளில் பெரும்பாலும் முறித்தது இவ்விரண்டையும் அல்ல. சுமையற்ற மின்மாற்றியின் சிறு மின்னோட்டத்தையே.

இதற்குக் காரணம் நடுநிலைப் பகுதி எனப்படும் ஏற்பாடு. பாதையோரத்து மின்னூட்டு நிலையங்கள் மின்வாரியத்தின் மூன்று கட்டங்களில் இருந்து மாறி மாறி மின்சாரம் பெறுகின்றன. ஒரு நிலையத்தின் கம்பியும் அடுத்ததன் கம்பியும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இரு கட்டங்களுக்கு இடையே குறுக்குச்சுற்று ஏற்படும். ஆகவே இடையில் மின்சாரமற்ற ஒரு துண்டு விடப்பட்டுள்ளது. அதனை நெருங்குவதை 500 மீட்டருக்கும் 250 மீட்டருக்கும் முன்பாகப் பலகைகள் ஓட்டுநருக்கு அறிவிக்கின்றன. அவர் மோட்டார்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சுழியத்துக்குக் கொணர்ந்து, டி.ஜே.யைத் திறந்து, எஞ்சின் ஓட்டத்தின் வேகத்திலேயே அத்துண்டைக் கடந்து, மறுபுறம் மீண்டும் மூட வேண்டும். திறக்கத் தவறினால் பான்டோகிராஃபின் நுனியில் இருந்து மின்வில் இழுபட்டு, மேல்நிலைக் கம்பியையே எரித்து அறுத்துவிடலாம். அறுந்தால் பாதை முழுவதும் போக்குவரத்து நின்றுவிடும். நீண்ட பயணமொன்றில் இத்தகைய துண்டுகள் பல குறுக்கிடும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை செய்யும் துணை மின்நிலைய முறிப்பானை விட டி.ஜே. எத்தனை மடங்கு உழைக்கின்றது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கரிபடியாத, எண்ணெயில்லாத காற்று இப்பணிக்கு ஏற்றதாக இருந்தது. சிறு மின்னோட்டத்தை வெட்டும் குறையை நேரிலாத் தடையம் ஈடுசெய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினில் அமுக்கிய காற்று ஏற்கனவே இருந்தது. தடைகளை இயக்கவும், பான்டோகிராஃபை உயர்த்தவும், ஊதுகுழலை ஒலிக்கவும் கம்ப்ரசர்கள் எப்படியும் வேண்டும். துணை மின்நிலையத்தில் பெருஞ்செலவான காற்று இங்கு முறிப்பானுக்குச் செலவின்றிக் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நெடுநேரம் நின்றுபோன எஞ்சினில் காற்று கசிந்து வற்றியிருக்கும். காற்றில்லாமல் பான்டோகிராஃப் எழாது, டி.ஜே. மூடாது, அவை இரண்டும் இல்லாமல் முதன்மைக் கம்ப்ரசருக்கு மின்சாரம் வராது, கம்ப்ரசர் இயங்காமல் காற்று வராது. இவ்வளையத்தை உடைப்பதற்காக 110 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறிய "பேபி கம்ப்ரசர்" ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அது இயங்கி அழுத்தமானியில் தேவையான அழுத்தம் ஏறிய பின்னரே ஓட்டுநர் பான்டோகிராஃபை உயர்த்தி டி.ஜே.யை மூட முடியும். மின்கலமும் வற்றிவிட்டிருந்தால், தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தும் எஞ்சின் அசையாது.

பின்வந்தவை

கந்தக அறுபுளோரைடு வளிமத்தைப் பயன்படுத்தும் முறிப்பான்கள் 1950களில் அமெரிக்காவில் தோன்றி, 1970களிலும் 1980களிலும் துணை மின்நிலையங்களைக் கைப்பற்றின. மின்னோட்டச் சுழியத்தில் அவ்வளிமம் காற்றைவிட மிக விரைவாகத் தன் கடத்துதிறனை இழக்கின்றது. பாடநூல்கள் நூறு மடங்கு என்பர். குறைந்த எண்ணிக்கையான அறைகள் போதும், மூடிய கலத்துக்குள் இயங்குவதால் ஓசையில்லை, கம்ப்ரசர் நிலையம் வேண்டியதில்லை. இந்தியாவிலும் பழைய 400 கிலோவோல்ட் நிலையங்களில் இருந்த காற்றுவீச்சு முறிப்பான்கள் படிப்படியாக நீக்கப்பட்டு, இவ்வளிம முறிப்பான்கள் பொருத்தப்பட்டன. ஊர்களுக்குச் செல்லும் 11 கிலோவோல்ட் தடங்களில் வெற்றிட முறிப்பான்கள் இடம்பிடித்தன. காற்றுவீச்சு நெடுநாள் நின்ற மற்றோர் இடம், பெரும் மின்னாக்கிகளுக்கும் அவற்றின் மின்மாற்றிகளுக்கும் இடையே உள்ள மின்னாக்கி முறிப்பான். இலட்சம் ஆம்பியருக்கும் மேற்பட்ட குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அங்கு முறிக்க வேண்டியிருந்தது.

கந்தக அறுபுளோரைடு, புவியை வெப்பமாக்கும் ஆற்றலில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வளிமத்தைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டு இயற்றிய விதிமுறை, புதிய மின்கருவிகளில் அதன் பயன்பாட்டை 2026 தொடங்கிப் படிப்படியாகத் தடைசெய்கின்றது. இதனால் தூய காற்று மீண்டும் முறிப்பானுக்குள் நுழைந்துள்ளது. ஆனால் இம்முறை மின்வில்லை ஊதி அணைப்பதற்கு அன்று. அணைப்பதை வெற்றிடக் குப்பி செய்ய, சுற்றிலும் காப்பாக நிற்பதற்கே.

இரயில் எஞ்சின்களில் 1995 ஆம் ஆண்டு ஏபிபி நிறுவனத்திடம் இருந்து வந்த மூன்றுகட்ட மோட்டார் எஞ்சின்களுடன் வெற்றிட முறிப்பான் நிலைபெற்றது. பின்னர் கட்டப்பட்ட டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சின்களிலும் அதுவே வந்தது. பழைய எஞ்சின்களிலும் பழுதுபார்ப்பின்போது மாற்றப்பட்டது. எனினும் அவ்வெற்றிட முறிப்பானின் முனைகளைச் சேர்த்துப் பிடிப்பது அமுக்கிய காற்றே. ஆகவே பேபி கம்ப்ரசரை இயக்கி அழுத்தம் ஏறக் காத்திருக்கும் வழக்கம் மாறவில்லை. ஓட்டுநர்கள் அதனையும் டி.ஜே. என்றே அழைக்கின்றனர்.